சாரம் பிரித்த பிறகு: குடமுழுக்கும் தீட்டின் வரலாறும்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்குக் குடமுழுக்கை எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னபோது மன்றத்திலேயே சிலர் முகம் சுளித்தார்கள். கோயிலே வேண்டாம் என்கிறவர்கள் கும்பாபிஷேகத்தைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கோயிலுக்குள் போவதா, கோயிலை விட்டே போவதா என்ற வழக்கு நம்மவர்களிடையே நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. அயோத்திதாசப் பண்டிதரும் அண்ணல் அம்பேத்கரும் பௌத்தத்தின் பக்கம் நடந்தார்கள். எம்.சி. ராஜா 1938இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஆலய நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த வழக்கை இன்று மாலை நாம் தீர்க்கப் போவதில்லை. யார் கோயிலுக்குப் போனாலும் போகாவிட்டாலும், தீட்டு என்ற ஒன்று இந்த நாட்டின் சட்டத்தில் இன்னமும் எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் தேவை நம் எல்லோருக்கும் உண்டு. அது குடியிருக்கும் இடங்களில் ஒன்று குடமுழுக்குச் சடங்கு.

இந்தப் பொருளுக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டவர் ஒரு கொத்தனார். மன்றத்துக்கு வந்துபோகிற அண்ணன். சேரியில் பிறந்தவர். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சிவன் கோயில் திருப்பணியில் எட்டு மாதம் வேலை பார்த்திருக்கிறார். விமானத்தில் ஏறினார், மண்டபத்தில் தளம் போட்டார், கடைசி இரண்டு வாரம் கருவறைக்குள்ளேயே உட்கார்ந்து பூச்சு வேலை செய்தார். மதியச் சோற்றையும் அர்த்தமண்டபத்தில் வைத்துத்தான் தின்றார்களாம். வேலை முடிந்தது, சாரம் பிரித்தார்கள், கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கு மனைவியையும் இரண்டாம் வகுப்புப் படித்த மகளையும் அழைத்துக்கொண்டு போனார். வெகுதூரத்தில் கம்பித் தடுப்பு. அங்கே நின்று, "உள்ளே வடகிழக்கு மூலையில ஒரு கல்லு விரிசல் விட்டிருந்துச்சு, அதை அடைச்சது அப்பாதான்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் நம்பவில்லை. "நீ உள்ள போனியா? அங்க சாமி மட்டும்தான போகும்" என்றாளாம்.

அண்ணன் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கேள்வி எங்களை விடவில்லை. எட்டு மாதம் உள்ளே இருந்த கை எந்த நாளில், எந்தச் சடங்கில் வெளியே நிற்க வேண்டிய கையாயிற்று?

சடங்கைப் படித்துப் பார்த்தால் இதற்குத் துல்லியமான பதில் கிடைக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது வழக்கம். வேலை தொடங்கும் முன் பாலாலயம் செய்வார்கள். மூர்த்தியில் இருப்பதாக நம்பப்படும் சக்தியை மந்திரத்தால் குடத்து நீருக்கு இறக்குவார்கள். இதற்குக் கலாகர்ஷணம் என்று பெயர். அங்கிருந்து ஒரு மரப்பலகையில் எழுதிய உருவத்துக்கோ சிறு உருவத்துக்கோ மாற்றி, வேறோர் இடத்தில் வைத்துப் பூசை தொடரும். அந்த நேரத்திலிருந்து கருவறையில் இருப்பது வெறும் கல். தொட்டால் தீட்டில்லை. சாரம் கட்டுகிறவர், சுண்ணாம்பு சுமக்கும் சித்தாள், கொத்தனார், வண்ணம் பூசுகிறவர், மின்கம்பி இழுக்கிறவர் எல்லோரும் உள்ளே போகலாம். யாரும் சாதி கேட்பதில்லை. கேட்டால் வேலை நடக்காது. சாமி இல்லாத மாதங்களில்தான் நமக்கு உள்ளே வேலை.

திருப்பணி முடிந்ததும் யாகசாலை எழும். அனுக்ஞை, வாஸ்து சாந்தி, மண்ணெடுக்கும் மிருத்சங்கிரகணம், நவதானியம் முளைக்கப் போடும் அங்குரார்ப்பணம், காப்புக் கட்டுதல் என்று நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடக்கும். அழைப்பிதழில் இவையெல்லாம் வரிசையாக அச்சாகியிருக்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள். பீடத்தோடு மூர்த்தியை ஒட்ட வைக்கும் அஷ்டபந்தன மருந்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்ற எட்டுப் பொருளை நாள்கணக்கில் இடித்துப் பதமாக்க வேண்டும். அரக்கு எடுக்கிறவர், தேனடை எடுக்கிறவர், எருமை வளர்க்கிறவர், உலக்கை பிடிக்கிறவர் என எத்தனை கைகள் இதற்குள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கைகளெல்லாம் கலந்த பசையில்தான் கடவுள் பீடத்தில் நிற்கிறார்.

புதிய மூர்த்தியாக இருந்தால் கண் திறப்பு உண்டு. நயனோன்மீலனம் என்பார்கள். பொன்னூசி கொண்டு கண்ணைத் திறப்பது ஸ்தபதியின் உரிமை. அந்த நிமிடம் வரை அவரே முதல்வர். அடுத்த நிமிடம் அவருக்கு வேட்டி, பொன், பசு முதலிய தானம் கொடுத்து மகிழ்வித்து அனுப்பிவைக்கச் சொல்கிறது முறை. அதன் பிறகு, சிற்பியின் கையும் உளியும் பட்டதால் மூர்த்திக்கு ஏற்பட்ட தோஷத்தை நீக்க ஒரு சடங்கு நடக்கும். சில்பி தோஷ நிவர்த்தி என்றே அதற்குப் பெயர். பூணூல் அணிந்த, தம்மை விசுவகர்மாவின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொள்கிற சிற்பிக்கே இந்தக் கதி என்றால், சுண்ணாம்பு சுமந்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிறகு யாகசாலைக் குண்டத்திலிருந்து கருவறை வரை நூல் கட்டி, அதன் வழியாகச் சக்தியை மூர்த்திக்குள் திரும்பச் செலுத்துவார்கள். அது நாடி சந்தானம். குடங்கள் புறப்பட்டு விமானத்துக்கு ஏறும். கலசத்தில் நீர் விழும். கல் மறுபடி கடவுள் ஆகிவிடும். அண்ணனின் கை வெளியே போன நேரம் அதுதான். இப்போதெல்லாம் விசைக்குழாய் வைத்து அந்த நீரைக் கூட்டத்தின் மேல் தெளிக்கிறார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவர் மீதும் நீர் விழுகிறது. அதற்குச் சாதி தெரியாது.

இதையெல்லாம் முன்னின்று நடத்துகிற தலைமைக் குருவைச் 'சர்வசாதகம்' என்று அழைப்பிதழ் குறிப்பிடும். சிவாகம மரபில் அந்த இடத்துக்கு வர நான்கு படிகள்: சமய தீட்சை, விசேஷ தீட்சை, நிர்வாண தீட்சை, கடைசியாக ஆசாரிய அபிஷேகம். முதல் மூன்றும் பிறருக்கும் உண்டு. நான்காவதைப் பெற்றுக் கோயில் மூர்த்தியைத் தொட்டு நிறுவும் அதிகாரம் ஆதிசைவர் எனப்படும் சிவாச்சாரியார் குடியில் பிறந்தவருக்கே உண்டென்பது அவர்கள் வாதம். சதாசிவனின் ஐந்து முகங்களோடு தொடர்புடைய ஐந்து முனிவர்களின் வழி வந்தவர்கள் தாங்கள் என்கிறார்கள். வைணவத்தில் வைகானசர்களும் இதே போல் முனிவர் வழியைச் சொல்கிறார்கள்.

இந்த ஒழுங்கு என்றைக்கும் இப்படியே இருந்ததா? தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போவோம். அங்கே கல்வெட்டே சாட்சி சொல்லும்.

இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்ததை அந்தக் கல்வெட்டு பதிவு செய்கிறது. அது 1010ஆம் ஆண்டு. கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் கல்லில் இருக்கிறது. இதையெல்லாம் பெருமையோடு எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதே கோயிலின் கல்வெட்டுகள் கோயிலுக்கு வரி செலுத்த வேண்டிய ஊர்களைப் பட்டியலிடும்போது, வரி கணக்கில் சேராத நிலங்களையும் சொல்கின்றன. ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவையும் அந்த வரிசையில் வருகின்றன. கம்மாணச்சேரி என்பது கம்மாளர்கள், அதாவது கல்லும் மரமும் உலோகமும் வேலை செய்தவர்கள் குடியிருந்த இடம். குடம் ஏறிய அதே ஆட்சியில், அதே சுவரில், கைகளை இடம் பிரித்து எழுதியாயிற்று. பொற்காலம் என்று பேசுகிற நம் நண்பர்களிடம் இந்த வரிகளைப் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் பூசை செய்யும் குடி மட்டும் மாறாமல் நின்றதா என்றால், இல்லை. இராசேந்திர சோழனின் 19ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று இதே கோயிலின் சைவாச்சாரியாரான சர்வசிவ பண்டிதருக்கும் அவருடைய சீடர்களுக்கும் நெல் ஒதுக்குகிறது. சீடர்கள் ஆரிய தேசம், மத்திய தேசம், கௌட தேசம் என்று எங்கிருந்து வந்தவர்களாயினும் சரி என்கிறது. அரசன் அழைத்தான், வடக்கிலிருந்து குருமார் வந்தார்கள், சீடர் பரம்பரை வளர்ந்தது. அரசாணையில் தொடங்கிய ஏற்பாடு பிறகு பிறப்புரிமையாகப் பேசப்பட்டது. சிதம்பரத்தில் தீட்சிதர்கள் ஆதிசைவர் அல்லர். பதஞ்சலி பெயரால் வழங்கும் தனி முறையைப் பின்பற்றுகிறார்கள். ஆகவே மூர்த்தியைத் தொடும் உரிமை ஒரே குடிக்கு என்பது பெரிய கோயில்களிலேயே சீராக இல்லை.

நம் பக்கமும் பழைய சுவடுகள் உண்டு. வட்டெழுத்துக் கல்வெட்டொன்றில் வள்ளுவன் ஒருவர் கோயிலின் உவச்சராக இருந்து ஆள் வைத்துப் பணி நடத்தியதை எட்கர் தர்ஸ்டன் எடுத்துக்காட்டுகிறார். திருவாரூரில் 'யானையேறும் பெரும்பறையன்' என்ற உரிமை இருந்தது. இவற்றை வைத்துக்கொண்டு நாமெல்லாம் ஒரு காலத்தில் அர்ச்சகர்களாக இருந்தோம் என்று பேச நாங்கள் விரும்பவில்லை. பழம்பெருமையில்தான் உரிமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், பெருமை இல்லாத சேரிக்கு எதுவும் மிஞ்சாது. எல்லைகள் நகர்ந்திருக்கின்றன, யாரோ நகர்த்தியிருக்கிறார்கள் என்பதற்கு மட்டும் இவை சான்று.

தஞ்சையை விடுமுன் இன்னொன்று. 1997இல் அங்கே யாகசாலைத் தீயில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்துக்குப் பின், 23 ஆண்டு கழித்து 2020 பிப்ரவரி 5 அன்று குடமுழுக்கு நடந்தது. மந்திரம் தமிழிலா வடமொழியிலா என்று நாடே விவாதித்தது. வழக்கு மதுரைக் கிளைக்குப் போய், இரு மொழியிலும் நடத்தலாம் என்று தீர்ப்பாயிற்று. தமிழ் ஒலித்ததில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அத்தனை நாள் விவாதத்தில், எந்த மொழியில் சொன்னாலும் சொல்கிறவர் யார் என்ற கேள்வி எவ்வளவு தூரம் எழுந்தது? ஊர்களில் தமிழ்வழிக் குடமுழுக்கு நடக்கிறது. தேவாரமும் திருவாசகமும் முழங்குகின்றன. நல்லது. அதே ஊரில் சேரிக்காரரிடம் கும்பாபிஷேக வரி வாங்க மறுக்கிறார்கள். வரி வாங்கினால் பங்கு கேட்பார்கள் என்ற பயம். மொழி மாறியது, கயிறு மாறவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். மாணவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து தாங்களே வழிபாடு செய்தார்கள். கோயில் தீட்டுப்பட்டது என்று இராமநாதபுரம் அரசர் வழக்குத் தொடுத்தார். நுழைந்தது தவறு என்றதோடு, கோயிலைச் சுத்தி செய்யும் சடங்குக்காக 500 ரூபாய் கொடுக்கவும் கீழ்நீதிமன்றம் உத்தரவிட்டது. மனிதர் காலடிக்கு அன்றைய விலை அது. மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. அந்த வழக்கில் நாடார்கள் தங்களைச் சத்திரியர் என்று வாதிட்டார்கள், நமக்காக வாதிடவில்லை. அதையும் மறக்க வேண்டியதில்லை. ஆனால் தீர்ப்பு எல்லோர் கழுத்திலும் விழுந்தது.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பினர் ஐவரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார்கள். பாடப்புத்தகத்தில் இதோடு முடிந்துவிடும். அடுத்து நடந்ததுதான் நம் பொருளுக்கு முக்கியம். பட்டர்கள் சிலர், கோயில் தீட்டுப்பட்டது, சுத்திச் சடங்கு செய்யாமல் பூசை செய்ய முடியாது என்று கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு கதவைத் திறக்கச் செய்து பூசையைத் தொடர வைத்தார். மறுத்த பட்டர்கள் பல ஆண்டுகள் பணிக்கு வரவில்லை. சுத்தி செய்யாமலே கோயில் நடந்தது. மீனாட்சி ஓடிப்போய்விடவில்லை. கடவுளின் இருப்புக்கு நம் வருகையால் ஆபத்து என்ற கொள்கை ஊரறியத் தோற்ற நாள் அது. அந்த நுழைவைக் காக்கச் சட்டம் வந்தது; 1947இல் ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம் வந்தது; அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. வாசல் திறந்தது. கருவறை வாசல் திறக்கவில்லை.

அந்த வாசலைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டில் உடனே பெரியார் பெயரும் கலைஞர் பெயரும் வரும். வரட்டும். கருவறை நுழைவுப் போராட்டத்தைப் பெரியார் அறிவித்ததும், 1970 டிசம்பரில் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் நிறைவேறியதும் வரலாறு. ஆனால் அந்தச் சட்ட மசோதாவின் நோக்க விளக்கத்தை எடுத்துப் படியுங்கள். 1969இல் வந்த ஒரு குழுவின் அறிக்கையை ஆதாரமாகக் காட்டுகிறது அது. தீண்டாமை பற்றியும் பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி முன்னேற்றம் பற்றியும் ஆராய இந்திய அரசு அமைத்த குழு. தலைவர் காட்டுமன்னார்கோயில் மண்ணின் எல். இளையபெருமாள். பிறப்பால் வரும் பூசாரித்தனத்தை ஒழிக்க வேண்டும், தகுதியும் பயிற்சியும் பெற்ற எவரும் எந்தச் சாதியினராயினும் அப்பணிக்கு வரலாம் என்ற அமைப்பு வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர், பூசாரித் தொழில் பரம்பரையாக வரக்கூடாது, தேர்வு எழுதி அரசின் சான்று பெற்றவரே பூசாரியாக வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்தச் சிந்தனை இளையபெருமாளின் அறிக்கை வழியாகத் தமிழ்நாட்டுச் சட்டத்துக்குள் வந்தது. 'அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர்' என்ற முழக்கத்தின் வரலாற்றில் அவர் பெயர் எத்தனை மேடையில் ஒலிக்கிறது? நந்தன் தீயில் இறங்க வேண்டியிருந்த தில்லைக்கு அருகே பிறந்து, தில்லைத் தொகுதியிலேயே நாடாளுமன்ற உறுப்பினராயிருந்தவர் எழுதிய பரிந்துரை அது.

சட்டத்தை எதிர்த்து அர்ச்சகர்களும் மடாதிபதிகளும் உச்ச நீதிமன்றம் போனார்கள். சேஷம்மாள் வழக்கு. தீர்ப்பு 1972 மார்ச் 14. பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும், அர்ச்சகர் கோயில் ஊழியர்தான் என்றது நீதிமன்றம். வெற்றி என்று இங்கே இனிப்புக் கொடுத்திருப்பார்கள். அடுத்த பத்திகளில் கதவு சாத்தப்பட்டது: நியமனம் ஆகமப்படியே இருக்க வேண்டும், ஆகமம் விலக்கியவர் தொட்டால் மூர்த்தி தீட்டுப்படும் என்பது பக்தர்களின் நம்பிக்கை, அந்த நம்பிக்கைக்கு அரசமைப்பின் பாதுகாப்பு உண்டு. 25, 26ஆம் பிரிவுகளை வைத்தே வழக்கு நடந்தது. தீண்டாமை பற்றிய குழு பெற்ற குழந்தையைத் தீண்டாமை ஒழிப்புப் பிரிவின் முன் நிறுத்தாமலே தீர்த்துவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பில் நமக்கு நேராக வருகிற ஓர் இடம் உண்டு. மறுபிரதிட்டை, அதாவது மீண்டும் குடமுழுக்கு, எப்போது வேண்டும் என்பதற்குப் பி.வி. காணேயின் தர்மசாஸ்திர வரலாற்றிலிருந்து நீதிமன்றம் ஒரு பட்டியலை எடுத்துக்காட்டுகிறது. பிரம்ம புராணம் சொல்வதாக வரும் பட்டியல். பத்து நிலைகளில் கடவுள் மூர்த்தியை விட்டு நீங்கிவிடுவாராம். இரண்டாக உடைந்தால், தூளானால், எரிந்தால், பீடத்திலிருந்து அகற்றப்பட்டால், அவமதிக்கப்பட்டால், பூசை நின்றால், கழுதை முதலிய விலங்கு தொட்டால், அசுத்த நிலத்தில் விழுந்தால், வேறு தெய்வத்தின் மந்திரத்தால் பூசிக்கப்பட்டால், கடைசியாகத் தீண்டாதார் போன்றவர் தொட்டால். கழுதை ஏழாவது, நாம் பத்தாவது. சுதந்திரம் வந்து 25 ஆண்டு ஆகும் நேரத்தில், தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் கீழ் எழுதிய தீர்ப்பில் இது வந்தது. நீதிபதிகள் இதை எழுதியபோது நம்மை இழிவுபடுத்த நினைத்திருக்க மாட்டார்கள். சடங்கின் தருக்கத்தை விளக்கவே எழுதினார்கள். விளக்கம் சரிதான். சடங்கின் தருக்கம் அதுவேதான். அதே தீர்ப்பு கமுதி வழக்கின் பிரிவி கவுன்சில் தீர்ப்பையும் துணைக்கு அழைக்கிறது. 500 ரூபாய் சுத்திச் சடங்கு 1897இலிருந்து 1972க்கு இப்படித்தான் நடந்து வந்தது.

பின்னர் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 2006இல் அரசாணை, பயிற்சிப் பள்ளிகள், 200க்கும் மேற்பட்டோர் படித்து, தீட்சை பெற்று, வேலைக்குக் காத்திருந்தார்கள். 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு கோயிலின் ஆகமத்தையும் பார்த்து முடிவு செய்யச் சொன்னது. விலக்கு சாதியின், பிறப்பின் அடிப்படையில் இருக்கக்கூடாது என்றும் சொன்னது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்று சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட் 14 அன்று பயிற்சி பெற்றவர்களில் 24 பேருக்கு நியமனம் கிடைத்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆகமக் கோயில்களுக்குப் புதிய விதி பொருந்தாது என்று கூறி, எவை ஆகமக் கோயில் என்று கண்டறியக் குழு அமைக்கச் சொன்னது. 2023 ஜூனில் சேலம் சுகவனேசுவரர் கோயில் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அர்ச்சகர் நியமனத்தில் சாதிவழிக்கு இடமில்லை என்றார். அதே ஆண்டு செப்டம்பரில் இருப்பு நிலையே தொடரட்டும் என்றது உச்ச நீதிமன்றம். பயிற்சி முடித்தபோது இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது என்ன வயது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பின் வாதம் ஒன்றை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். ஸ்மார்த்தப் பிராமணரும் சிவலிங்கத்தைத் தொட முடியாது. ஆகவே இது சாதி இல்லை, மரபுத் தகுதி என்கிறார்கள். தொட முடியாது என்பது உண்மை. ஸ்மார்த்தர்கள் குருக்களைத் தங்களுக்கு ஒரு படி கீழாகவே வைப்பதும் உண்மை. ஆனால் அந்த மரபுத் தகுதியைப் பெறும் வழி என்ன? முனிவர் வழிக் குடியில் பிறப்பது. இன்னாருக்கு மகனாகப் பிறந்தால் மட்டுமே கிடைக்கும் தகுதியை வேறு பெயரால் அழைக்க நமக்குத் தெரியவில்லை. தவிர, தொட முடியாத ஸ்மார்த்தர் தொட்டுவிட்டால் பரிகாரம் தேடுவார்கள். அவரைக் கழுதையோடு ஒரே பட்டியலில் யாரும் எழுதவில்லை.

தனி மனிதராக எந்தக் குருக்கள் மீதும் நமக்குப் பகை இல்லை. கிராமக் கோயில் குருக்கள் பலர் தட்டுக் காசை நம்பி வாழ்கிறவர்கள். 2021 ஊரடங்கில் மாதச் சம்பளம் இல்லாத கோயில் பணியாளர்களுக்கு அரசு 4,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தபோது வாங்க வரிசையில் நின்றவர்கள். குடமுழுக்கு மேடையில் சர்வசாதகராக அமர்பவர் வேறு. அவர் கையில்தான் கடவுளை உள்ளே வைக்கும் அதிகாரமும், இன்னொருவரை ஆசாரியராக்கும் அதிகாரமும் இருக்கின்றன. இதை நம் இயக்கங்கள் இன்னும் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது எங்கள் எண்ணம். அர்ச்சகர் வேலையைக் கேட்டோம். அதை அரசாணை தர முடியும். ஆசாரிய அபிஷேகத்தை அரசாணை தர முடியாது. ஒரு குரு மனம் வைத்துத் தர வேண்டும். நியமனம் பெற்ற தோழர் ஒருவர் தினம் விளக்கேற்றி அர்ச்சனை செய்யலாம். பன்னிரண்டாம் ஆண்டு குடமுழுக்கு வரும்போது வெளியிலிருந்து சர்வசாதகர் வருவார். இத்தனை நாள் தொட்டுப் பூசித்தவரின் கையும் அன்று கேள்விக்குள்ளாகும்.

கேரளம் இதற்குக் கண்முன் நிற்கும் சான்று. 2002 அக்டோபரில் ஆதித்தியன் வழக்கில், ஈழவர் ஒருவரைச் சிவன் கோயில் சாந்தியாக நியமித்தது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 2017இல் திருவிதாங்கூர் தேவசம் போர்டு 36 பிராமணரல்லாதாரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் ஆறு பேர் தலித்துகள். இது பெரிய காரியம், குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் அங்கே நாள்பூசை செய்பவர் சாந்தி. பிரதிட்டை செய்பவர் தந்திரி. மூர்த்தியை நிறுவியவர் என்பதால் தெய்வத்துக்கே தந்தை முறை என்று பேசப்படுகிறவர். பெரிய கோயில்களில் தந்திரி இன்றும் குடும்ப உரிமை.

அதே கேரளத்தில் 1888 சிவராத்திரியன்று நாராயண குரு அருவிப்புறத்தில் நெய்யாற்றில் மூழ்கிக் கல் ஒன்றை எடுத்துவந்து சிவனாக நிறுவினார். ஈழவருக்கு ஏது பிரதிட்டை உரிமை என்று கேட்டவர்களுக்கு, இது ஈழவ சிவன் என்று பதில் சொன்னதாக வழங்குகிறது. அவர் யாரிடமும் ஆசாரிய அபிஷேகம் கேட்டு நிற்கவில்லை. நிறுவும் அதிகாரத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். பிற்பாடு 1927இல் களவங்கோட்டில் மூர்த்திக்குப் பதில் கண்ணாடியையே நிறுவினார். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த இயக்கத்தில் எழுந்த கோயில்களிலும் புலையர்கள் நுழைய எதிர்ப்பு இருந்தது. குருவே அதை எதிர்த்துப் பேச வேண்டியிருந்தது. கல்லை யார் நிறுவினார் என்பதோடு கேள்வி முடிந்துவிடாது.

நம் ஊர்ப்பக்கத்துக்கு வந்தால் எதிர்த்திசையில் ஓட்டம் நடக்கிறது. சேரியில் மாரியம்மனுக்கும் காளிக்கும் நம் பூசாரியே பொங்கலிட்டு, உடுக்கை அடித்து, சாமியாடிக் குறி சொன்னார். நாலு காசு சேர்ந்ததும் கோபுரம் கட்டுகிறோம். கட்டியதும் கும்பாபிஷேகத்துக்கு வெளியூர் குருக்களைத் தேடுகிறோம். வருகிறவர்கள் சிலர் உண்டு. பணத்தைப் பெற்றுக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் போகிறவர்கள் உண்டு. அதற்குப் பின் பழைய பூசாரி தெய்வத்தைத் தொடத் தயங்கி வெளியே நிற்பதைப் பார்த்திருக்கிறோம். யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. குடத்து நீர் விழுந்ததும் அவராகவே ஒதுங்கிக்கொண்டார். இத்தனை நேரம் பேசிய எல்லாவற்றிலும் எங்களை அதிகம் வருத்துவது இதுதான். கமுதியிலும் மதுரையிலும் தீட்டு என்று சொல்ல இன்னொருவர் தேவைப்பட்டார்.

கொத்தனார் அண்ணனைப் போன மாதம் பார்த்தோம். அதே கோயிலில் மறுபடி திருப்பணி. பாலாலயம் முடிந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். இந்த முறை மேஸ்திரியாக. மகள் இப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு. விரிசல் அடைத்த கல்லைத் தானும் பார்க்க வேண்டும் என்கிறாளாம். கும்பாபிஷேகத்துக்குப் பிறகு பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் சித்தாளாகக் கூட்டிப்போகிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். தலையில் சும்மாடு இருந்தால் வாசலில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.